இரு பக்கமும் ஒரு நொடி

கல்யாண வீடியோவை முடித்து, பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் பென்டிரைவ் போய்ச் சேர்ந்த பிறகுதான் என்னுடைய முக்கியமான வேலை தொடங்குகிறது. இதைச் சொன்னால் ஜோகூரில் எங்கள் பத்து பாகாட் ஊரில் ஒருவரும் நம்புவதில்லை. "குடுத்தாச்சுல்ல கா, இன்னும் ஏன் அதைக் கட்டிக்கிட்டு அழுவுறீங்க? அழிச்சிட்டு அடுத்ததைப் பாருங்க லா" என்று என்னிடம் வேலை செய்யும் கேமராக்காரரே சொல்வார். நான் அழிப்பதில்லை. ஒரு காலத்தில் அழித்தேன், அதுவும் மிகச் சுத்தமாக அழித்தேன். ஏன் நிறுத்தினேன் என்று கேட்பவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் இப்போது எழுதி வைக்கிறேன்.

எங்கள் கடை ஒரு டயர் கடையின் மேல்மாடியில் இருக்கிறது. கீழே சக்கரம் கழற்றும் இயந்திரம் சீறுவது மேலே அப்படியே கேட்கும். ஆகவே ஒலியைச் சரிபார்க்கும் வேலையை அவர்கள் மதியம் சாப்பிடப் போகும் நேரத்துக்கு ஒதுக்கி வைத்துக்கொள்வேன். கடையை நானும் என் கணவரும் சேர்ந்து தொடங்கினோம். இருவருமே கேமரா பிடிப்போம். மணவறைப் பக்கம் நான், மண்டபத்துப் பக்கம் அவர். பெண்ணுக்குப் புடவை சரியும், பூ அவிழும், திடீரென்று அழுகை வரும். அப்போது பக்கத்தில் போய் நிற்க ஒரு பெண் இருந்தால் வசதி என்று மூவாரிலிருந்தும் குளுவாங்கிலிருந்தும் எங்களைத் தேடி வருவார்கள். எடிட் செய்வது நான். முடிந்ததைக் கட்டி டிஸ்க்கில் ஏற்றுவது அவர்.

அவர் கட்டும் முறையைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. ஒரு கல்யாணத்துக்கு எட்டு, ஒன்பது மணி நேரம் படம் எடுப்போம். வாடிக்கையாளர் கைக்குப் போவது இரண்டு மணி நேரம். மீதியை என்ன செய்வது என்பதுதான் இந்தத் தொழிலில் எல்லாருக்கும் உள்ள தலைவலி. எடிட் செய்யும் மென்பொருளில் இதற்கு ஒரு வழி உண்டு. முடிந்த படத்தில் எந்தெந்தத் துண்டைப் பயன்படுத்தினோமோ அதை மட்டும் மூலத்திலிருந்து வெட்டியெடுத்துப் புதிய ஃபைலாக எழுதிக்கொடுக்கும். பின்னால் யாராவது சின்னத் திருத்தம் கேட்டால் இழுத்துக்கொள்வதற்காக, ஒவ்வொரு துண்டுக்கும் இரு பக்கமும் ஒரு நொடி கூடுதலாக விடச் சொல்லலாம். அந்த ஒரு நொடியை நாங்கள் வால் என்போம். துண்டும் வாலும் டிஸ்க்குக்குப் போகும், மற்றதெல்லாம் குப்பைக்குப் போகும். "சோத்தை வடிச்சாச்சு, உமியை என்னாத்துக்கு மூட்டை கட்டி வைக்கணும்?" என்பார் என் கணவர். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

டிஸ்க் இரண்டு. ஒன்று கடையில், ஒன்று வீட்டில். பத்து பாகாட்டில் மழை பிடித்தால் ஆறு எப்போது ரோட்டுக்கு வரும் என்று சொல்ல முடியாது. வீட்டு டிஸ்க்குகள் பிஸ்கட் டின்னில், ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு, அலமாரியின் உச்சித் தட்டில் இருக்கும். ஏற்றி முடித்ததும் டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, படத்தை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்க்க வேண்டும். எந்தத் துண்டாவது விட்டுப்போயிருந்தால் அந்த இடத்தில் திரை முழுக்கச் சிவப்பாகிவிடும். சிவப்பு வரவில்லை என்றால்தான் மூலத்தை அழிப்போம். இந்தச் சோதனையில் அவர் கில்லாடி. அவர் கட்டியதில் ஒரு தடவைகூடச் சிவப்பு வந்ததில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, மெர்சிங்கில் ஒரு காதுகுத்துக்குப் புறப்படும்போது, ட்ரைபாடை வேனில் ஏற்றிவிட்டு அவர் அப்படியே படியில் உட்கார்ந்தார். எழவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதப் போவதில்லை.

எழுத வேண்டியது அதற்குப் பின் நடந்தது. மூன்றாம் மாதம் நான் கேமராவைத் துடைத்து வைத்துக்கொண்டு வேலைக்குத் தயாரானேன். ஏற்கெனவே எங்களைப் பேசி வைத்திருந்த ஒரு பெண் வீட்டார் அழைத்தார்கள். தேன் ஒழுகப் பேசினார்கள். "நீங்க ரெஸ்ட் எடுங்க கா. கேமராவுக்கு வேற ஆளு அனுப்பிடுங்க. எடிட்டிங் மட்டும் நீங்களே செய்ங்க. உங்க எடிட்டிங்தான் எங்களுக்கு வேணும்." அடுத்தவர்களும் அதையே சொன்னார்கள், அதற்கடுத்தவர்களும். ஒருவரும் காரணம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. புருஷனை இழந்தவள் தாலி கட்டும் நேரத்தில் மணவறைக்கு எதிரே நிற்கக் கூடாது. கையில் ஆரத்தித் தட்டு இருந்தால் என்ன, கேமரா இருந்தால் என்ன. இவர்கள் அழைப்பிதழை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள். மாப்பிள்ளை தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போய் வேலை பார்த்துவிட்டு வருகிறவர். மண்டபத்துக்குள் ட்ரோன் விட முடியுமா என்றுகூடக் கேட்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கொள்ளுப்பாட்டன் காலத்துக்குப் போய்ப் பத்திரமாக உட்கார்ந்துகொள்வார்கள்.

நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. இரண்டு கேமராக்காரர்களை வைத்துக்கொண்டு மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். எடிட் செய்வதும் கட்டி வைப்பதும் இப்போது என் ஒருத்தியின் வேலை. அவர் செய்த மாதிரியே செய்தேன். துண்டு, வால், இரண்டு டிஸ்க், சிவப்புச் சோதனை, பிறகு மூலத்தை அழிப்பது. துக்கத்தில் இருப்பவளுக்கு இப்படி வரிசையாகச் செய்ய ஒரு வேலை இருப்பது எவ்வளவு நிம்மதி என்று அப்போது நினைத்தேன். அந்த நிம்மதியில்தான் நான் கெட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வீடியோவை ஒப்படைப்பதற்கு முன் குடும்பத்தார் கடைக்கு வந்து பார்த்துத் திருத்தம் சொல்வார்கள். வர வேண்டியவர்கள் பெண்ணும் மாப்பிள்ளையும். வருபவர் மாப்பிள்ளையின் அத்தை. எந்தக் குடும்பமாக இருந்தாலும் ஓர் அத்தை கட்டாயம் வருவார். கோப்பி வாங்கி வரச் சொல்லிவிட்டு, நாற்காலியைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். "எங்க அண்ணன் அந்தப் பட்டம் வாங்குன டத்தோகூட நிக்கிறது ஏன் இத்துனூண்டு வருது? அவங்க பக்கத்துச் சித்திய மட்டும் அஞ்சு வாட்டி காட்டுற?" என்பார். கடவுளே நேரில் வந்து ஆசீர்வதித்திருந்தாலும், மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் நின்று ஆசீர்வதித்தாரா என்றுதான் இந்த அத்தைகள் பார்ப்பார்கள்.

மூவாரில் நடந்த ஒரு கல்யாணத்துக்கும் அப்படி ஓர் அத்தை வந்தார். அந்தப் பெண்ணுக்கு அப்பா இல்லை. அம்மா ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் மெத்தை உறை தைத்து இரண்டு மகள்களை வளர்த்தவர். இது மூத்தவளின் கல்யாணம். தாரை வார்த்துக் கொடுத்தது சித்தப்பாவும் சித்தியும். அம்மா மண்டபத்தின் ஓரத்தில், பெரிய மின்விசிறிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். யாரும் அவரை அங்கே போகச் சொல்லவில்லை. எட்டு மணி நேர ஃபுட்டேஜையும் நான் பார்த்தவள், ஒருவரும் சொல்லவில்லை. அவராகவே போய் நின்றுகொண்டார். என் கேமராக்காரர் மண்டபத்தைச் சுற்றி வரும்போதெல்லாம் கடைசியில் அந்த முகத்தில் போய்த்தான் நின்றார். மகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தாயின் முகம் கிடைத்தால் எந்தக் கேமராக்காரரும் விட மாட்டார்.

நானும் விடவில்லை. தாலி ஏறியதும் அடுத்த காட்சியாக அந்த அம்மாவைத்தான் வைத்திருந்தேன். அத்தை அந்த இடம் வந்ததும் கோப்பியைக் கீழே வைத்தார்.

"இங்க பாருமா. கெட்டி மேளம் அடிக்குது, கழுத்துல தாலி ஏறுது, ஒடனே இவங்க மூஞ்சியா காட்டுவ? எடுத்துடு."

"பொண்ணோட அம்மா, ஆன்ட்டி."

"தெரியும் லா. நல்லவங்கதான், நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல. ஆனா முகூர்த்தத்துல வேணாம். முன்ன பின்ன எங்கெங்க வர்றாங்களோ அதையும் பாத்து எடுத்துடு. உனக்குத் தெரியாததா?"

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் என் வெறும் நெற்றியைப் பார்த்தார். நான் என்ன செய்தேன்? "சரி ஆன்ட்டி" என்றேன். அவர் படியிறங்கிப் போனதும் உட்கார்ந்து, அந்த அம்மா வரும் இடங்களையெல்லாம் தேடினேன். கேமரா மெல்லத் திரும்பி அவரை நெருங்கும். அவர் புடவையின் ஓரம் தெரியப்போகும் கணத்தில் வெட்டினேன். அடுத்த இடத்திலும் அப்படியே. நல்ல சுத்தமான வேலை. பார்க்கிறவருக்கு அங்கே ஓர் ஆள் நின்றிருந்தார் என்ற சந்தேகமே வராது. வேலியே பயிரை மேய்ந்தது என்பார்களே, அந்த வேலி நான்தான். பிறகு துண்டு, வால், இரண்டு டிஸ்க். சிவப்பு வரவில்லை. மூலத்தை அழித்தேன்.

இரண்டு வருஷம் கழித்து அந்தப் பெண் கடைக்கு வந்தாள். மூவாரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள், கையில் எனக்காக ஒட்டாக்-ஒட்டாக், ஓலையில் வைத்துச் சுட்ட மீன், ஒரு பொட்டலம். உட்கார்ந்ததும் கேட்டாள்.

"அக்கா, என் கல்யாணத்துல எடுத்தது எல்லாம் வச்சிருக்கீங்களா? எங்கம்மா வர்ற மாதிரி ஏதாச்சும் இருக்குமா?"

தங்கைக்கு வரன் முடிந்திருக்கிறது, மணவறை அலங்காரம் எப்படி வைக்கலாம் என்று பேச்சு வந்து, எல்லாரும் வீட்டில் உட்கார்ந்து பழைய வீடியோவைப் போட்டிருக்கிறார்கள். அம்மா அதை முழுக்கப் பார்த்தது அன்றுதான். கல்யாணம் ஆன புதிதில் அம்மா இல்லாததை இவள் கவனித்திருக்கிறாள். மாமியார் வீட்டில் புதுசு, வாயைத் திறக்கவில்லை.

"பாத்து முடிச்சிட்டு, 'நான் அன்னைக்கு வந்திருந்தேன்லமா?'ன்னு கேட்டாங்க கா. சிரிச்சிக்கிட்டேதான் கேட்டாங்க. எனக்குச் சோறு எறங்கல."

பொய் சொல்ல எனக்கு வழி இருந்தது. டிஸ்க் கெட்டுப்போய்விட்டது, வெள்ளத்தில் போய்விட்டது என்றால் இந்த ஊரில் யாரும் மறு கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அத்தை வந்ததையும், சொன்னதையும், நான் வெட்டியதையும், மீதியை அழித்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

"நீங்களா கா?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதில் குத்தல்கூட இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு நாள் பொறுக்கச் சொல்லி அனுப்பினேன். எதற்காகப் பொறுக்கச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை, வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அவள் போனதும் டிஸ்க்கை எடுத்துச் செருகினேன். முடிந்த படத்தில் அந்த அம்மா இல்லை என்று எனக்குத் தெரியும், நான்தானே நீக்கினேன். துண்டுகளை ஒவ்வொன்றாகத் தனியே திறந்து பார்த்தேன். ஏழாவதோ எட்டாவதோ ஒரு துண்டு. கேமரா மணவறையிலிருந்து வலப்பக்கம் திரும்புகிறது, வெட்டிய இடம் வருகிறது, அதைத் தாண்டி வால் ஓடுகிறது. அந்த வாலில் நீலப் புடவையோடு அந்த அம்மா வந்து நின்றார். ஒரு நொடி. முடிந்தது.

எங்கெல்லாம் அவர் வந்தாரோ அங்கெல்லாம் வெட்டியிருக்கிறேன். ஆகவே ஒவ்வொரு வெட்டின் வாலிலும் அவர் இருக்கிறார். எவ்வளவு கச்சிதமாக அவரைத் துரத்தினேனோ அவ்வளவு கச்சிதமாக அந்த ஓரங்களில் அவர் மாட்டியிருந்தார். பதினான்கு வால்கள் கிடைத்தன. ஒன்றில் கைக்குட்டையால் கழுத்தைத் துடைக்கிறார். ஒன்றில் மின்விசிறிக் காற்றில் கலைந்த முடியை ஒதுக்குகிறார். இரண்டில் மகளைப் பார்க்கிறார், அந்த இரண்டையும் என்னால் தொடர்ந்து பார்க்க முடியவில்லை. ஒன்றில் கேமராவை நேராகப் பார்த்து, என் கேமராக்காரரிடம், "தம்பி, சாப்ட்" என்கிறார். அதோடு நொடி தீர்ந்துவிடுகிறது.

பதினான்கையும் வரிசையாக ஒட்டி மறுநாள் அவளுக்குக் காட்டினேன். நின்றுகொண்டே பார்த்தாள். மறுபடி போடச் சொன்னாள். மறுபடி பார்த்தாள்.

"இவ்ளோதானா கா?"

"இவ்ளோதான்."

நன்றி சொல்லவில்லை. சொல்லாததற்காக அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு தாய் தன் மகளின் கல்யாணத்தில் காலையிலிருந்து மதியம்வரை நின்றதற்குப் பதினான்கு நொடி போதும் என்று யாராவது சொன்னால் அவள் நம்பக் கூடாது. பென்டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு, வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"தங்கச்சி கல்யாணத்துக்கு நீங்கதான் வரணும். வேற ஆளு அனுப்பாதீங்க. நீங்க, கேமராவோட, முன்னாடி."

"மாப்பிள்ளை வீட்டுல ஒத்துக்குவாங்களாமா?"

"கேட்டாத்தானே ஒத்துக்கிறதும் ஒத்துக்காததும்? நாங்க கேக்கப் போறதில்ல."

அன்றோடு துண்டு, வால் கதையை நிறுத்தினேன். இப்போது எடுத்தது எடுத்தபடி மொத்தமாக டிஸ்க்குக்குப் போகிறது, ஒரு நொடிகூடக் குறையாமல். கேமராக்காரர் முதல் வாரமே முணுமுணுத்தார். "அலமாக், கா! எலக்ட்ரிஷியன் ஏணி புடிக்கிறது, கேட்டரிங்காரர் மூக்கு நோண்டுறது, எல்லாத்தையுமா வைப்பீங்க? நீங்க என்னா மியூசியமா நடத்துறீங்க?" நடத்துகிறேன், போங்கள். மூக்கு நோண்டுகிறவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். அவரைத் தேடி யார் எப்போது என் படியேறி வருவார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. தெரியாது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் எனக்கு இத்தனை வருஷம் பிடித்தது. எது தேவை, எது உமி என்று அன்றே முடிவு கட்ட நான் யார்?

அத்தைகளுக்கும் கதவைச் சாத்தினேன். திருத்தம் சொல்லப் பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் வரலாம். வேறு யார் வந்தாலும் கோப்பி உண்டு, நாற்காலி உண்டு, திரை இல்லை. அழிக்கச் சொல்லும் உரிமையும் அவர்கள் இருவருக்குத்தான். அவர்கள் சேர்ந்து வந்து, எங்கள் கல்யாணமே வேண்டாம், அழித்துவிடுங்கள் என்றால் அழித்துக் கொடுப்பேன். ஒரு தடவை கொடுத்தும் இருக்கிறேன். மாமன், மச்சான், பெரியம்மா சொல்லி ஒருவரையும் படத்திலிருந்து நீக்க மாட்டேன். இதை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது தெரியும், பேசட்டும். என் கடைத் திரையை அணைக்கும் பொத்தான் என் விரலுக்குக் கீழேதான் இருக்கிறது.

தங்கையின் கல்யாணமும் மூவாரில்தான், கோவில் மண்டபத்தில். ஐந்து வருஷத்துக்குப் பிறகு கேமராவைத் தோளில் வைத்தேன். கை மறக்கவில்லை, முதுகுதான் கொஞ்சம் மறந்திருந்தது. நல்ல பட்டுச் சட்டை போட்ட மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் இரண்டு தடவை என்னைச் சுற்றி வந்தார். மூன்றாம் தடவை பக்கத்தில் வந்து குரலைத் தணித்தார்.

"நீங்க கொஞ்சம் அந்தப் பக்கமா நில்லுங்களேன். இங்க அந்தத் தம்பி எடுக்கட்டும்."

"எந்தப் பக்கம்ணே? ஏன்னும் சேத்துச் சொல்லிடுங்க, மைக் ஆன்லதான் இருக்கு. நான் எடுத்தது எதையும் அழிக்கிறதும் இல்ல."

அவர் கேமராவின் சிவப்பு விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பிப் போய்விட்டார். அந்தக் காட்சியும் டிஸ்க்கில் இருக்கிறது, நன்றாக வந்திருக்கிறது.

அம்மாவைத் தேடினேன். முன்வரிசையில் அவருக்கென்று மூத்த மகள் நாற்காலி போட்டு, உட்காரவும் வைத்திருந்தாள். முகூர்த்த நேரம் நெருங்க நெருங்க அந்த நாற்காலி காலியாகிவிட்டது. பார்த்தால், மறுபடியும் மண்டபத்து ஓரத்தில், உறவினர் கூட்டத்துக்குப் பின்னால் நிற்கிறார். நான் மணவறையைக் கேமராக்காரரிடம் ஒப்படைத்தேன். "தாலிய நீ பாத்துக்க" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் நுழைந்தேன். தாலி கட்டும் நேரத்தில் மணவறைக்கு முதுகைக் காட்டி நடந்த கேமராக்காரி இந்த ஜோகூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

என்னைக் கண்டதும் அவர் பதறினார். "இங்க என்னாமா பண்ற? அங்க போமா, தாலி ஏறப் போவுது!"

"அங்க ஆளு இருக்கு. நான் உங்களைத்தான் எடுக்க வந்தேன்."

கையால் முகத்தை மூடிக்கொண்டார். கெட்டி மேளம் முழங்கியது. நான் கேமராவை இறக்கவில்லை.

படத்தை எடிட் செய்தேன். தாலி ஏறியதும் அடுத்த காட்சி அந்த அம்மாதான், பதினோரு நொடி, நடுவில் வெட்டு இல்லாமல். பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து பார்த்துவிட்டுச் சரி என்றார்கள். ஒப்படைக்க இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு மதியம், கீழே டயர் கடை சாப்பாட்டுக்கு அடங்கியிருந்த நேரத்தில், தொலைபேசி அடித்தது. அந்த அம்மா.

"உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்மா. சின்னவ சொன்னா, தாலி கட்டுனதும் என்னையக் காட்டுறியாமே. அத எடுத்துடுமா."

"யாராச்சும் சொன்னாங்களாமா?"

"யாரும் சொல்லல. நானாத்தான் சொல்றேன். எனக்குப் பயமா இருக்கு. பிள்ளைக்கு நாளைக்கு ஒரு காய்ச்சல்னாக்கூட, என்னாலதான்னு நெனச்சிக்கிட்டே கெடப்பேன்."

அத்தையைச் சமாளிக்கலாம், பட்டுச் சட்டைக்காரரைச் சமாளிக்கலாம். அவர்கள் சொன்னதையெல்லாம் இவர் எப்போதோ வாங்கி உள்ளே வைத்துக்கொண்டுவிட்டார். இனி அவர்கள் வந்து சொல்லத் தேவையே இல்லை. இவருக்காகத்தான் இத்தனையும் செய்தேன், இவரே வந்து என்னை வெட்டு என்கிறார். பெண்ணும் மாப்பிள்ளையும் சொன்னால்தான் எடுப்பேன் என்று சுவரில் ஒட்டிய தாளைப் படித்துக் காட்டியிருக்கலாம். அது இவருக்குப் பதில் ஆகாது.

"அம்மா, எனக்கும் வீட்டுக்காரர் இல்ல. தெரியும்ல?"

"தெரியும்மா."

"அவர் போயி அஞ்சு வருசம் ஆவுது. இந்த அஞ்சு வருசமா இந்தப் பக்கத்துல எத்தனையோ கல்யாணத்துக்கு நான்தான் எடிட்டிங். தாலி எந்த நொடியில ஏறணும், அட்சதை எந்த நொடியில விழணும்னு ஒவ்வொண்ணா நான்தான் தொட்டுத் தொட்டு வச்சேன். அந்தக் கல்யாணம் அத்தனையும் என் வீட்டு அலமாரியில, என் தலைமாட்டுலதான் இருக்கு. அவங்கள்லாம் புள்ள பெத்து, சண்ட போட்டு, வீடு வாங்கி, நல்லாத்தான் இருக்காங்க. என் கை அவங்களுக்கு ஆவும்னா, பெத்த தாய் மொகம் பிள்ளைக்கு ஆவாதா?"

கீழே யாரோ ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டது.

"நான் அதுல அழுவுறேனாமா?" என்றார் கடைசியில்.

"இல்லமா. மொதல்ல கையால மூஞ்சிய மூடிக்கிட்டீங்க. மேளம் அடிச்சதும் கைய எடுத்தீங்க. எடுத்து, இன்னொரு கையில வச்சிருந்த அட்சதை மொத்தத்தையும் ஒரே வீச்சா வீசுனீங்க. மணவறை வரைக்கும் போவல. முன்னாடி நின்னாரே ஒருத்தர், அவரோட வழுக்கத் தலையில கொட்டிருச்சு. அவரு திரும்பி மொறைக்கிறாரு. நீங்க சிரிக்கிறீங்க."

"நான் சிரிச்சேனா?"

"பல்லு தெரிய."

"அப்ப இருக்கட்டும்மா" என்றார். "வெட்டாத."